ரதி என்று கூப்பிட்டால்

பலாமரத்தடிக்கு வந்ததும் ஐயாசாமி தோளில் இருக்கும் காண்டாக் கம்பை இறக்கி, அதில் தொங்கும் இரண்டு ரப்பர் பால் வாளிகளையும் வேரோரம் வைக்கிறார். தலைத்துண்டை அவிழ்த்து உதறி, நெற்றி தெறிக்கும்படி இறுக்கிக் கட்டுகிறார். கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொள்கிறார். தொண்டையைக் கனைத்து, குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, "இருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு தடவை. பிறகு கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு புறப்படும்போது ஆளின் நடையே மாறியிருக்கும். வீட்டிலிருந்து பலாமரம் வரை வந்தவர் லேசாக, சத்தமில்லாமல் நடந்து வந்தார். இப்போது போகிறவர் குதிகாலை ஓங்கி ஓங்கி ஊன்றுகிறார், தோளை விறைத்துக்கொள்கிறார், அரிசி மூட்டை சுமக்கிறவர் மாதிரி மூச்சு விடுகிறார்.

ஏழு வருஷமாக இதே கதைதான். மழை பெய்தாலும் மரத்தடியில் நிற்காமல் போனதில்லை. இந்த இரண்டாவது நடையைப் பழகியதில் வலது முழங்கால் போய்விட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஒரு புட்டி எண்ணெயைக் கொடுத்து, வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஐயாசாமிக்கு வயது முப்பத்து நாலு.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சடக்கில் ஏழாவது மைல் கட்டையில் இறங்கினால் கல்மேட்டுத் தோட்டம். விடிவதற்கு முன்னாலேயே லயத்து சனம் முழுவதும் ஸ்டோர் வாசலில் வரிசையாக வந்து நிற்க வேண்டும். வேலை வாங்கும் தண்டல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். கூப்பிட்டவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து முன்னால் வந்து, அன்றைக்குப் பாலுக்கு மரம் வெட்ட வேண்டிய நிரை எது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். இதற்குத்தான் பெரட்டு என்று பெயர். முன்னூறு பேர் அங்கே வருகிறார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ஐயாசாமியின் முறை வரும்போது மட்டும் தண்டல் தங்கராஜு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்குவான். மீசையை ஒரு தடவை ஒதுக்கிக்கொள்வான். "ரதீ" என்பான், ராகம் போட்டு.

தோட்டத்தில் எல்லாரும் தங்கராஜுவை அவர், இவர் என்றுதான் சொல்கிறார்கள். மரியாதை கொடுக்க அவனுக்கு ஒரு தோட்டமே இருக்கிறது. இங்கே அவன் வெறும் அவன்தான். ஐயாசாமிக்கு மரியாதை கொடுக்க யாரும் இல்லை. இந்தக் காகிதத்திலாவது அவர் அவராக இருந்துவிட்டுப் போகட்டும்.

"ரதீ" என்றதும் ஒரு சிரிப்புக் கிளம்பும். அதை முதலில் தொடங்கி வைப்பது யார் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். ஐயாசாமிதான். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துவிடுவார். பல் தெரியும், கண் சிரிக்காது. தானே தொடங்கிவிட்டால் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக இருக்காதாம். எல்லாரும் சேர்ந்து சிரிப்பதாக ஆகிவிடுமாம். இந்தக் கணக்கை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. தினமும் அடி வாங்குகிறவன் தானாகக் கண்டுபிடித்துக்கொள்கிற கணக்கு அது. பார்க்கிறவர்களோ, அவனே சிரிக்கிறான், அவனுக்கே பிடித்துத்தான் இருக்கிறது என்று சொல்லி மனத்தைக் கழுவிக்கொள்கிறார்கள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. உளியை மரத்தில் வைத்து இழுத்தால் பட்டை கருவேப்பிலை கனத்தில் சுருண்டு விழும். உள்மரத்தில் உளி படாது. புதிதாக வந்தவர்கள் அவசரத்தில் ஆழமாக வெட்டிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. "மரத்துக்குக் காயம் பட்டா அந்த எடத்துல முண்டு கட்டிக்கும் தம்பி. அப்புறம் அங்க உளி ஏறாது" என்பார். பால் வடியும் மங்குகளைத் துடைத்துக் கவிழ்ப்பதில் ஓர் ஒழுங்கு. ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் ஆள் ஆளாகப் பிடித்து ஊருக்குக் கப்பலேற்றினார்களே, அப்போதும் அவரை மட்டும் துரை விடவில்லை. அவருடைய மரங்களைப் பார்த்தாலே போதும், இது ஐயாசாமி நிரை என்று கணக்கெழுதும் கிராணி சொல்லிவிடுவார். மரத்துக்கு இருக்கிற பெயர் மனிதனுக்கு இல்லாமல் போனதுதான் கொடுமை.

சில வழக்கங்கள் உண்டு அவருக்கு. தனக்குப் பின்னால் யாரையும் நடக்க விடமாட்டார். ஒதுங்கி நின்று, போங்க போங்க என்று முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் வருவார். பின்னால் வருகிறவர்கள் அவர் மாதிரி இடுப்பை ஒடித்து நடந்து காட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சாப்பிடும்போது முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவார். வாளியைத் தூக்குமுன் உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்ப்பார். பாலுக்கு நடுவே உடைந்த வளையல் துண்டோ வாடிய பூவோ கிடக்கும்; எடுத்துப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காததுபோல் அவரும் எதையும் பார்க்காததுபோல் நடப்பார்.

இந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டால் வயிறு எரியும்.

அந்தத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடத்துவார்கள். அமாவாசை கழிந்து களத்தில் கம்பு ஊன்றி, பௌர்ணமியில் மன்மதனை எரிப்பது வழக்கம். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண் பட்டுச் சாம்பலாவான். அவன் மனைவி ரதி அழுது புரண்டு, புருஷன் உயிரைத் திரும்பக் கேட்பாள். ஆண்கள்தான் இரண்டு வேஷமும் கட்டுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் மன்மதன் வேஷம் தங்கராஜுவுக்கு. ரதி வேஷத்துக்குத் தேர்ந்தெடுத்த ஆள், கம்பு ஊன்றிய மறுநாளே மலேரியாவில் படுத்துவிட்டான். ஊன்றிய கம்பைக் கூத்து முடிக்காமல் பிடுங்கினால் தோட்டத்துக்கே ஆகாது என்று சனங்களுக்குப் பயம். யாரைக் கேட்டாலும் மாட்டேன் என்றார்கள். ஏனென்றால் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு தடவை வேஷம் கட்டினால் மூன்று வருஷம் அதே ஆள்தான் கட்ட வேண்டும்.

தங்கராஜு நேராக ஐயாசாமி வீட்டுக்கு வந்தான். மரம் வெட்டும்போது இவர் பாடுவதை அவன் கேட்டிருக்கிறான். நல்ல சாரீரம். வாசலில் நின்று இவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், நீதான் தோட்டத்தக் காப்பாத்தணும். நான் ஒன்னய என் தலைல வச்சுக்குவேன்."

ஐயாசாமி சம்மதித்தார். ஏன் சம்மதித்தோம் என்று இன்றுவரை அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். கேட்டால் உதவி செய்வது என்று வளர்ந்த மனிதர், அவ்வளவுதான் காரணம். முகத்துக்கு அரிதாரம் பூசி, கொண்டை வைத்து, சேலை கட்டி அவர் வந்து நின்றபோது பெண்களே அசந்து போனார்கள். மன்மதன் எரிந்ததும் அவர் பாடிய ஒப்பாரியில் களமே அழுதது. புருஷனைக் கப்பலுக்கும் காட்டுக்காய்ச்சலுக்கும் கொடுத்த பெண்கள் எத்தனை பேர் அந்தத் தோட்டத்தில். மறுநாள் காலை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து, ரதி கையால் திருநீறு வேண்டும் என்று அவர் காலில் விழுந்தார்கள். ஆண்களும் விழுந்தார்கள். மூன்று வருஷமும் விழுந்தார்கள். இதை மறந்துவிடாமல் படியுங்கள்.

ஆனால் முதல் வருஷத்திலேயே, கூத்து முடிந்த மூன்றாம் நாள் பெரட்டில், ஐயாசாமியின் காதோரம் கழுவாமல் விட்டுப்போன அரிதாரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கராஜு லாந்தரைத் தூக்கிப் பார்த்தான். ரதிக்கு இன்னும் அலங்காரம் கலையவில்லையே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அதில் விஷம் இருப்பது தெரியாமல் ஐயாசாமியும் சிரித்தார். மறுநாளும் ரதி என்றே கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். மூன்றாம் வருஷக் கூத்து முடிந்த கையோடு ரப்பர் விலை விழுந்தது. சனம் பாதியாகக் குறைந்தது, கூத்தும் நின்றது. அடுத்த ரதி வரவில்லை. ஆகவே இவரே ரதியாக நின்றுவிட்டார். மன்மதன் வேஷம் கட்டியவனுக்கோ முதல் கூத்து முடிந்ததுமே தண்டல் வேலை கிடைத்திருந்தது. அவனை யாரும் மன்மதன் என்று பெரட்டில் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்துதான் அரிதாரம் எடுத்துப் பூசினார்கள்.

பெயரோடு நின்றிருந்தால்கூடத் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். பெயருக்குப் பின்னால் கை வந்தது. கள்ளுக்கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் கன்னத்தைக் கிள்ளுவான் ஒருவன். மடியில் உட்காரச் சொல்வான் இன்னொருவன். ஒருநாள் கைலியைப் பின்னாலிருந்து உருவிவிட்டார்கள். அவர் போவதை நிறுத்தினார். உடனே, ரதிக்கு நம்மோடு உட்கார வெட்கம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. கையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. நல்ல மரங்கள் இருந்த நிரையை மாற்றி, தோட்டத்து மூலையில் சதுப்போரமாக இருக்கும் நிரையைக் கொடுத்தான் தங்கராஜு. அட்டை கடித்து இரண்டு காலும் ரத்தமாகத் திரும்பி வருவார். அங்கிருந்து ஸ்டோருக்கு ஒன்றரைக் கட்டைத் தூரம். பால் கட்டியாவதற்குள் ஓடி வந்து சேர வேண்டும். அவர் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்து, மெதுவா வா ரதி, கொலுசு கழண்டு விழுந்திடப் போகுது என்பான்.

குழாயடியில் அவர் மனைவி வெள்ளையம்மாவைப் பெண்கள் விட்டுவைத்தார்களா? உங்கள் வீட்டில் யார் சேலை கட்டுவது, யார் சோறாக்குவது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு பேர், தங்கள் பிள்ளையை அவர் காலடியில் போட்டுத் திருநீறு வாங்கியவர்கள். வெள்ளையம்மா வாயுள்ளவள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்க வீட்ல யாரு கட்டுனா ஒனக்கென்ன, ஒம் புள்ளைக்கு பேதி நின்னது அந்தக் கையாலதானே" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவளோடு யாரும் பேசுவதில்லை. அவள் வந்தால் பேச்சு நிற்கும். அவள் போனால் பேச்சு தொடங்கும். அடிக்காமல், திட்டாமல் ஒரு மனுஷியைக் கொல்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இத்தனையையும் செய்கிறவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான். தங்கராஜுவின் வாயில் அது தயாராக இருக்கும்: "தாப்பா லா, பரவாயில்ல, வெளையாட்டுக்குத்தானே." அலுப்புத் தீர நாலு பேர் சிரிக்கக் கூடாதா என்று கேட்பான். விளையாட்டு என்றால் முறை மாறி மாறி வர வேண்டாமா? ஏழு வருஷம் ஒரே ஆள் ஓட, முன்னூறு பேர் துரத்தினால் அதற்கு விளையாட்டு என்று எந்த ஊரில் பெயர்? கிராணி படித்தவர். தினமும் காதில் விழுகிறது. பேனாவை மையில் தொட்டுக்கொண்டே உதட்டுக்குள் சிரிப்பார். அந்தச் சிரிப்பின்மேல்தான் கோபம் அதிகமாக வருகிறது.

ஐயாசாமி பாடுவதை விட்டுவிட்டார். கோயில் பஜனைக்குப் போனால் வாய் மட்டும் அசையும். பெரட்டில் பேச்சு சரளமாக வராது, வீட்டில் வரும். இவற்றையெல்லாம்விட மோசமான ஒன்று நடந்தது. போன வருஷம் அவர் மகள் பேச்சி, ஆறு வயதுக் குழந்தை, அப்பாவின் துண்டைத் தாவணியாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஆடிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்தவர் பார்த்தார். துண்டைப் பிடுங்கிக் கன்னத்தில் அறைந்தார். அதுவரை ஈ எறும்புக்குக்கூடக் கை ஓங்காத மனிதர். குழந்தைக்கு என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியவில்லை. அறைந்த கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு அவர் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பேச்சி அதன்பிறகு ஆடியதில்லை. தங்கராஜு பெரட்டில் ஓங்கியது இந்தக் குழந்தையின் கன்னத்தில் வந்து விழுந்தது என்று அவனிடம் யார் போய்ச் சொல்வது?

இந்த வருஷம் ரப்பர் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. தை பிறந்ததும் மறுபடியும் கூத்து நடத்துவது என்று தீர்மானமானது. தங்கராஜு ஏழு வருஷத்துக்குப் பிறகு ஐயாசாமி வீட்டுப் படியேறினான். ரதியின் சேலையும் கொண்டையும் பித்தளை வளையல்களும் இருக்கும் தகரப்பெட்டி இவரிடம்தான் இருந்தது. பழைய ரதிதான் புது ரதிக்குத் தன் கையால் வளையல் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் வேஷம் கைமாறும். புது ரதியாக லெட்சுமணனைப் பிடித்திருக்கிறோம் என்றான். வெள்ளையம்மா கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தான்.

"மூணு வருஷம்னு பேரு, ஏழு வருஷம் சுமந்துட்ட மச்சான். இனி ஒனக்கு விடுதல."

லெட்சுமணன் பெக்கோக் பக்கத் தோட்டத்திலிருந்து ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவன். இருபத்தொரு வயது. நாமக்கல் பக்கத்தில் தாய் ஒருத்தி. இங்கே யாரும் கிடையாது. அடுத்த நிரையில் அவன் பாடிக்கொண்டே வெட்டுவது ஐயாசாமிக்குக் கேட்கும். தன்னுடைய பழைய குரலே எங்கோ தள்ளிப் போய்ப் பாடுவதுபோல இருக்கும். வளையல் போடும் நாளுக்கு முன்னால் அவன் இவரிடம் வந்து, வேஷம் கட்டுவதில் ஏதாவது கஷ்டம் உண்டா அண்ணே என்று கேட்டான். ஐயாசாமி அவனுடைய முகத்தைப் பார்க்காமல் உளியைத் தீட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒண்ணுமில்ல தம்பி. நல்லா அழுவணும். அவ்வளவுதான்."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு அவரை உத்தமர் என்று எழுதினால் அது பொய். ஏழு வருஷம் நெருப்பில் நின்றவர் கதவு திறந்ததும் வெளியே வந்துவிட்டார். உள்ளே போகிறவனைத் தடுக்கவில்லை.

கூத்து நன்றாகவே நடந்தது. லெட்சுமணன் அழுதான், களம் அழுதது, பெண்கள் காலில் விழுந்தார்கள். மூன்றாம் நாள் பெரட்டில் தங்கராஜு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி மீசையை ஒதுக்கினான். "ரதீ" என்றான். பழக்கதோஷத்தில் ஐயாசாமி ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார்.

"நீ இல்ல மச்சான். ஒம் பேரு ஐயாசாமி" என்றான் தங்கராஜு.

வெளியில் ஒருவன் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் கேட்டு ஏழு வருஷமாகிறது. காது சூடேறிவிட்டது. வரிசையில் பின்னாலிருந்து லெட்சுமணன் முன்னால் வந்தான். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் அவனும் சிரித்தான். ஐயாசாமியும் சிரித்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக மற்றவர்களுக்குப் பின்னால், நிதானமாக, கண்ணும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த பன்னிரண்டு நாளும் அவருக்குத் திருவிழாதான். மேட்டுப் பக்கத்து நல்ல நிரை திரும்பக் கிடைத்தது. சதுப்போர நிரை லெட்சுமணனுக்குப் போனது. கள்ளுக்கடைப் பெஞ்சில் இவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். குழாயடியில் வெள்ளையம்மாவிடம் ஒருத்தி, இன்று என்ன குழம்பு என்று கேட்டாளாம். வெள்ளையம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஏழு வருஷம் கேட்காதவளுக்கு இப்போது மட்டும் எதற்கு என் குழம்பு என்று வீட்டில் வந்து பொருமினாள். ஐயாசாமி அவளைச் சமாதானப்படுத்தினார். பலாமரத்தடியில் நிற்கும் வழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. கால் தானாக நின்றது.

ஆறாம் நாள் சதுப்புப் பக்கமிருந்து காற்றில் வந்துகொண்டிருந்த பாட்டு நின்றுபோனதை அவர் கவனித்தார். தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் பெஞ்சில் லெட்சுமணனின் கன்னத்தை ஒருவன் கிள்ளியபோது, ஐயாசாமி எழுந்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பேச்சி அவர் பக்கத்தில் வந்து, அவர் துண்டின் நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"இப்ப வேற ஆளுதானப்பா ரதி. இனிமே நான் ஆடலாமா?"

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். வெள்ளையம்மா அதை எடுத்து மூடி வைத்தாள். தகப்பன் தப்பித்ததால் ஆட அனுமதி கேட்கிறது குழந்தை. வேறு எவனோ ஒருவன் மாட்டிக்கொண்டதால் வீட்டில் சந்தோஷம் வரலாமா என்று கேட்கிறது. அதற்கு அப்படிக் கேட்கத் தெரியாது. ஆனால் ஐயாசாமிக்கு அப்படித்தான் கேட்டது.

மறுநாள் விடியுமுன் அவர் பெரட்டுக்குப் புறப்பட்டார். பலாமரத்தடியில் ஏற்கெனவே யாரோ நிற்பது தெரிந்து கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார். இரண்டு வாளிகள் வேரோரம் இருந்தன. நின்ற ஆள் தலைத்துண்டை அவிழ்த்து உதறி இறுக்கிக் கட்டினான். கைலியை ஏற்றிச் செருகினான். கனைத்துக்கொண்டு, தடித்த குரலில் "இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தான். திருப்தியில்லை போலிருக்கிறது, மறுபடியும் சொன்னான். பிறகு கம்பைத் தூக்கிக்கொண்டு குதிகாலை ஓங்கி ஓங்கி ஊன்றி நடந்தான். லெட்சுமணன்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பன்னிரண்டே நாளில், அதே மரத்தடியில் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஐயாசாமிக்கு அன்று வந்த கோபம் அவருக்கே புதிது. தங்கராஜுமேல் வந்தது, கிராணிமேல் வந்தது, சிரித்த முன்னூறு வாய்மேல் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உளியைத் தீட்டிக்கொண்டே ஒண்ணுமில்ல தம்பி என்று சொன்ன தன் வாய்மேல் வந்தது. அவர் பலாமரத்தடியில் நிற்கவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தாண்டி, வீட்டிலிருந்து எப்படிப் புறப்பட்டாரோ அந்த நடையிலேயே, லேசாக, சத்தமில்லாமல் நடந்து பெரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்தார். முழங்கால் வலிக்கவில்லை.

பெயர்கள் ஓடின. ஐயாசாமி என்று கூப்பிட்டபோது அவர் வாயைத் திறக்கவில்லை. தங்கராஜு இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, ஆள் வரவில்லையா என்று முணுமுணுத்தபடி அடுத்த பெயருக்குப் போனான். லெட்சுமணன் முறை வந்தது. தங்கராஜு தலையைத் தூக்கினான், மீசையை ஒதுக்கினான்.

"ரதீ."

லெட்சுமணன் குதிகாலைத் தூக்குவதற்குள், "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. கனைத்துத் தடிக்கவைத்த குரல் இல்லை. ஒப்பாரி பாடிய அதே குரல். ஐயாசாமி வரிசையை விட்டு முன்னால் வந்தார். தன்னுடைய சொந்த நடையில், இடுப்பின் அசைவை மறைக்காமல், தோளை விறைக்காமல் வந்து லெட்சுமணனுக்கு முன்னால் நின்றார்.

"ஒன்னய யாரு கூப்ட்டா?" என்றான் தங்கராஜு.

"ரதின்னு கூப்ட்டீங்க தண்டல். அது நான்தான். சதுப்பு நெரைய எனக்கே குடுங்க."

எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். சிரிப்பைத் தொடங்கி வைப்பது அவர் வழக்கம், அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ ஒருவன் மட்டும் சிரித்து, துணை கிடைக்காமல் இருமலாக மாற்றிக்கொண்டான். கிராணியின் பேனா மைக்கூட்டிலேயே நின்றது. தங்கராஜு புத்தகத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தான்.

ஐயாசாமி இரண்டு கையையும் தூக்கித் தலைத்துண்டை அவிழ்த்தார். லாந்தர் வெளிச்சத்தில், ஏழு வருஷம் இறுக்கிக் கட்டியதில் நெற்றியில் விழுந்திருந்த பள்ளம் எல்லாருக்கும் தெரிந்தது. துண்டை ஒரு தடவை உதறி, தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார்.